ஓட்டத்தோடு ஒரு நற்பணி

தனியாக ஓடத் தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதற்கு உடல் சோர்வு மட்டும் காரணமல்ல. நாம் போகாவிட்டால் யாருக்கும் இழப்பில்லை என்ற எண்ணமும் காரணம். ஓடிச் சேரும் இடத்தில் ஒரு வேலை காத்திருந்தால் அந்த எண்ணம் மாறும். 2009-இல் லண்டனில் தொடங்கிய ‘குட்ஜிம்’ அமைப்பினர் குழுவாக ஓடிப்போய், சமூகத் தோட்டத்தில் களை பறிப்பது போன்ற பணிகளை முடித்து, ஓடியே திரும்புகிறார்கள். ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் ‘பிளாகிங்’ பழக்கம் சுவீடனில் பிறந்தது.

நடுவில் நின்றால் பயிற்சி கெடாதா என்று கேட்கலாம். கெடாது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டத்தில் அதிகம் உழைக்காத கைக்கும் தோளுக்கும் மண் வெட்டுவதும் மூட்டை சுமப்பதும் நல்ல வேலை.

வேலையில் பழக்கமில்லாத கூட்டம் போனால் அங்கிருப்பவர்களுக்கு இடைஞ்சலாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால் திறமையைவிட ஆள்பலம் தேவைப்படும் வேலையாகத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் முன்பே பேசி, நேரத்தையும் கருவிகளையும் உறுதிசெய்யுங்கள். போக 2 கி.மீ., வேலைக்கு 40 நிமிடம், திரும்ப 2 கி.மீ. என்று தொடங்கினால் புதியவர்களுக்கும் எளிது. கையுறையும் தண்ணீரும் அவசியம். வாரத்தில் ஒரே நாளை நிலையாக வைத்துக்கொண்டால், ஓட்டமும் தொண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.