மூலை தப்பாதவருக்கு வேலை தப்பாது

திருகோணமலை பாலையூற்றிலிருந்து வேலைக்குக் கிளம்பினால் ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள். வெல்டிங், மேசன், டைல்ஸ், பைப் ஃபிட்டிங் எதற்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களை முந்த ஒரு வழி, ஓ.எல். கணிதத்தில் நீங்கள் தாண்டிப்போன கேத்திரகணிதம்.

1. புள்ளி: துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் கூடும். ஒவ்வொரு அளவிலும் 2 மில்லிமீற்றர் ஒரே பக்கம் பிசகினால், பத்தாவது துளை 20 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். டேப்பை முதல் புள்ளியில் பிடித்து எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் குறியுங்கள்.

2. கோடு: இரண்டு புள்ளி போதும், நூல் தொய்யக் கூடாது. கடலிலும் இதே கணக்குத்தான். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தால் படகு அந்தக் கோட்டில் நிற்கிறது. வேறு இரண்டை வைத்து இன்னொரு கோடு பிடியுங்கள். இரண்டும் வெட்டும் இடமே படகு நிற்கும் இடம். போர்ட் வேலைக்கு ஆசையா? இதை வாயால் விளக்கப் பழகுங்கள்.

3. கோணம்: மூலை விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறியுங்கள். குறுக்கே 5 அடி வந்தால் மூலை 90 பாகை. அறை பெரிதென்றால் 6, 8, 10 பிடியுங்கள், பிசகு குறையும்.

4. செக்கிங்: எதிர்ப்பக்கங்கள் சமமா? இரண்டு மூலைவிட்டங்களும் சமமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் செவ்வகம். ஒரு பாகை பிசகினால் 10 மீற்றரில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் விலகும். கடைசி வரிசை டைல்ஸில் அது பல்லிளிக்கும்.

5. இம்ப்ரெஷன்: சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது மூலைவிட்டத்தை அளவிடுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். அடக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

6. சேர்ட்டிபிகேட்: கைவேலை தெரியும், பேப்பர் இல்லையா? முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை தரும் வழி உண்டு. நைற்றா (NAITA) என்ற அரச பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். 4ஆம் நிலை வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா.

உடைத்துத் திருத்தும் செலவு கொன்ராக்டரின் பையிலிருந்து போகிறது. அதை மிச்சப்படுத்துபவரை அவர் லேசில் விடமாட்டார். சம்பளம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள். இன்றைக்கே ஒரு நல்ல டேப் வாங்குங்கள்.