வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எந்த பாலிசி கைகொடுக்கும்?

2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஆறாக ஓடியது. ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் சுற்றுவட்டார ஊர்களைக் காலி செய்தார்கள். ஆந்திர எல்லையிலுள்ள பாலசமுத்திரம் பக்கத்திலோ, கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டு வரை கொசஸ்தலை ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எப்போதோ வருகிற ஆபத்து. மாடித் தொட்டி நிரம்பி வழிவதும், சுவருக்குள் குழாய் வெடிப்பதும், தளத்தில் ஓதம் இறங்குவதும் எந்த மாதத்திலும் நடக்கும். ஆகவே பாலிசி எடுக்குமுன் ஏஜெண்டிடம் முதலில் கேளுங்கள்: தண்ணீர் எந்த வழியாக வந்தால் பணம் கிடைக்கும்?

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பலர், பேங்கிலேயே இன்சூரன்ஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கிற ஆயுள் காப்பீடாக அது இருக்கலாம். அப்படியானால் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் ஒரு ரூபாய் வராது. வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும், தொகை கடன் அளவுக்கு மட்டும்தானா, பீரோவும் ஃபிரிட்ஜும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சொந்த வீட்டுக்காரருக்கு நான் முதலில் சொல்வது 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதை விற்றாக வேண்டும். அடிப்படை விதிகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. புயல், வெள்ளம் மட்டுமல்லாமல் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ வரும் சேதமும் இதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேரும். கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் உயரும்.

தொகையை நிர்ணயிக்கும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள். திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. 900 சதுர அடி, அடிக்கு 1,800 ரூபாய் என்று வைத்தால் 16,20,000 ரூபாய். சாமான்களுக்கு 3,24,000 ரூபாய். ஏசி, வாஷிங் மெஷின், கட்டில், டிவி எல்லாம் அதற்குமேல் போகும் என்றால், பட்டியல் கொடுத்துச் சாமான் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் சுவரைவிடச் சாமான்தான் முதலில் போகிறது. கூடுதல் பிரீமியம் வீண்போகாது. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு. கூரை வீடென்றால் அதைச் சொல்லியே எடுங்கள், மறைத்தால் கிளெய்ம் நிற்காது. பைக், காருக்கு மோட்டார் பாலிசி. மாட்டுக்குக் கால்நடைக் காப்பீடு.

ஓதத்துக்கு மட்டும் பாலிசியை நம்பி இருக்காதீர்கள். பாலிசியில் பெயர் சொன்ன ஆபத்துகளுக்குத்தான் பணம்; மெல்ல மெல்லக் கசிவதும் தளம் பழசாகி ஒழுகுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான பணத்தை மழைக்கு முன்பே மாடித் தளத்தைச் சரிசெய்யச் செலவழியுங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து, துடைக்கும் முன்பே போட்டோ, வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற அளவு தெரிய வேண்டும். உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்திடமே முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால், ஆந்திரத்தில் இருப்பவர்கள் ஹைதராபாத்திலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.