கோப்புகள் காக்கும் நினைவு

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் பெய்த அடைமழையால் சிலாங்கூர் மாநிலத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் பல குடியிருப்புகள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் வீட்டுப் பொருள்களோடு முக்கியப் பத்திரங்களும் பாழாவதுண்டு. மேருவில் வாழும் பட்டதாரி ஒருவர் தம் பட்டச் சான்றிதழை இப்படி இழந்துவிட்டால், தாம் படித்ததை எவ்வாறு மெய்ப்பிப்பார்? அவர் காவல் நிலையத்தில் புகார் செய்துவிட்டு, தாம் பயின்ற பல்கலைக்கழகத்தையே நாட வேண்டியிருக்கும். அங்கே அவருடைய பெயர், மாணவர் பதிவெண், தேர்வு முடிவு, பட்டம் பெற்ற ஆண்டு ஆகியவை முறையாகப் பேணப்பட்டிருந்தால் அவருடைய தகுதியை உறுதிசெய்யலாம். இல்லையேல், பல்லாண்டு உழைப்புக்குச் சான்றே இல்லாமல் போகும்.

ஒரு நிறுவனம் தன் பணியின்போது உருவாக்கும் அல்லது பெறும் பதிவுகள் அனைத்தும் அலுவல் ஆவணங்களே. மாணவர் பதிவேடு, விரிவுரையாளரின் நியமனக் கடிதம், கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, கட்டட வரைபடம் ஆகியவை இதில் அடங்கும். ஒரு முடிவைத் தெரிவிக்கும் மின்னஞ்சலும் ஆவணமே. யார், எப்போது, எதற்காக அம்முடிவை எடுத்தார் என்பதற்கு அது சான்றாகிறது.

பொதுப் பணியில் இருப்போர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அன்று கல்லில் பொறித்த அவ்விதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அப்படியானால், பல்கலைக்கழகம் எல்லாத் தாள்களையும் என்றென்றும் சேர்த்து வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லாவற்றையும் குவித்து வைத்தால் தேவையானது தேவையான நேரத்தில் கிடைக்காது. ஆகவே, ஒவ்வோர் ஆவணமும் உருவாகும்போதே அதற்குக் கோப்பு எண்ணும் தலைப்பும் கொடுக்கப்படுகின்றன. அன்றாடம் பயன்படும்வரை அது அலுவலகத்தில் இருக்கும். பயன்பாடு குறைந்ததும் ஆவண அறைக்கு மாற்றப்படும். இறுதியில், அதனை நிரந்தரமாக வைத்திருப்பதா, அழிப்பதா என்று முடிவு செய்யப்படும்.

இம்முடிவை எளிதாக்குவது பேணல் அட்டவணையாகும். எந்த வகை ஆவணத்தை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. தேர்வு விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பிறகு அழிக்கலாம். ஆனால், அத்தேர்வின் இறுதி முடிவு ஒருவரின் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். ஆதலால், காகிதத்தின் தோற்றத்தையோ பருமனையோ கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கக் கூடாது.

மலேசியாவில் இப்பணிக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1957ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட பொது ஆவண அலுவலகமே பின்னர்த் தேசிய ஆவணக் காப்பகமாக வளர்ந்தது. 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, பொது ஆவணங்களைக் காப்பகத் தலைமை இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அழிக்கக் கூடாது. அறையில் இடம் போதவில்லை என்பதற்காக ஓர் அலுவலர் தாமாகவே பழைய கோப்புகளைத் தூக்கி எறிந்துவிட முடியாது.

இன்று சாதாரணமாகத் தோன்றும் தாள் நாளை வரலாறாகலாம். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் அதனை முன்னின்று நடத்தினார். அங்குப் படைக்கப்பட்ட கட்டுரைகள் நூலாக வெளியிடப்பட்டதால் இன்றைய ஆய்வாளரும் அவற்றைப் படிக்க முடிகிறது. இத்தகைய மாநாட்டிற்காக எழுதப்படும் அழைப்புக் கடிதங்களும் பங்கேற்பாளர் பட்டியல்களும் அன்றைக்கு வெறும் அலுவலகத் தாள்களே. காலம் செல்லச் செல்ல அவை மூலச் சான்றுகளாக மதிப்புப் பெறுகின்றன.

ஆவணங்களுக்குப் பகைகள் பல. நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கச் செய்கின்றன. கரையான் அதனை அரிக்கின்றது. மின்னியல் கோப்புகளுக்கும் ஆபத்து உண்டு. சேமித்த கருவி பழுதடையலாம். பழைய மென்பொருளில் உருவான கோப்பு புதிய கணினியில் திறக்காமல் போகலாம். எனவே, ஒரே கோப்பின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பதும், அவற்றைத் திறந்து பார்த்து அவ்வப்போது புதிய வடிவத்துக்கு மாற்றுவதும் இன்றியமையாதவை.

ஆவணக் காப்பாளரின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. எனினும், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம், “உங்கள் பதிவு இங்கே பத்திரமாக இருக்கிறது” என்று ஓர் அலுவலர் கூறும்போது, அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.