ஜாதிக்காய் ஒட்டுக் கன்றுகளைப் பையில் பேணும் முறை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் தென்னந்தோப்புடையோர் பலர் ஜாதிக்காயை ஊடுபயிராக வைத்து வருகின்றனர். இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளைச் சொந்த நாடாகக் கொண்ட இம்மரத்திற்குத் தென்னையின் நிழல் மிகவும் ஏற்றதாகும். ஆனால் இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி, காய்க்காத ஆண் மரங்களாகவே முடியும். ஆறேழு வருஷங்கள் சென்று பூத்த பின்னரே அது தெரியவரும். பெண் மரத்துக் குருத்தை ஒட்டிய கன்றைக் குடியானவர்கள் அதிக விலை கொடுத்து வாங்குவது இக்காரணம் பற்றியே.

விலை கொடுத்தது ஒட்டிற்கு மேலுள்ள பாகத்திற்கே என்பதை மறக்கலாகாது. ஒட்டிற்குக் கீழே எழும் துளிர்களை வாரந்தோறும் பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிக்கன்று தழைத்து, ஒட்டு நாளடைவில் பட்டுப்போகும். கையில் மிஞ்சுவது விதைக் கன்றேயாம். கன்று செழிப்பாயிருக்கக் கண்டு பலர் இதில் ஏமாறுகின்றனர். ஒட்டு நன்றாய்க் கூடியபின் கட்டிய நாடாவையும் அவிழ்த்துவிட வேண்டும்; இல்லையேல் அது தண்டை இறுக்கும்.

பைகளை வெறும் தரையில் வைத்தால் வேர் துவாரத்தின் வழியே நிலத்தில் இறங்கும். பிறகு எடுக்கும்போது அறுந்து கன்று வாடும். செங்கல்லின்மேல் வைத்து, மாதம் ஒரு முறை இடம் மாற்றுதல் நலம். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுக. தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும். கோடை வெயில் நேரே பட்டால் இலை ஓரம் கருகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஒட்டை அசைக்குமாதலால் சிறு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுக.

ஜப்பானியர் தொட்டிகளில் மேப்பிள் மரங்களைப் பல்லாண்டு வளர்ப்பது, அவ்வப்போது வேரைக் கத்தரித்து மண் மாற்றுவதாலேயாம். நம் கன்று நெடுநாள் பையிலிருந்தால் அடியில் வேர் சுருண்டுகொள்ளும். அதனைப் பெரிய பைக்கு மாற்றுக. நடும்போது சுருண்ட நுனியை மட்டும் கூரிய கத்தியால் நீக்கி, மண்கட்டி உடையாமல் இறக்குக. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், நான்கு தென்னைகளின் நடுவே, ஒட்டு மண்ணிற்கு மேல் நிற்குமாறு நடுக.