முதல் மிலோங்காவுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு

டாங்கோ வகுப்பில் சில மாதங்கள் ஓட்டிவிட்டீர்கள். 'இனி மிலோங்காவுக்கு வாருங்கள்' என்று ஆசிரியர் சொன்னதும் உள்ளங்கை வியர்க்கிறது. மிலோங்கா என்பது எல்லோரும் கூடி ஆடும் டாங்கோ இரவு. மேடை கிடையாது, வந்தவர்களேதான் ஆடுபவர்கள். அங்கே எழுதாத விதிகள் நிறைய உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுப் பயம் கூடியிருக்கும்.

நான் அந்த விதிகளை வேறு விதமாகப் பார்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனஸ் ஐரிஸிலும் மான்டிவிடியோவிலும் இந்த ஆட்டம் உருவானபோது, அதை ஆடியவர்கள் கப்பலில் வந்திறங்கிய இத்தாலியர், ஸ்பானியர், அங்கேயே வாழ்ந்த ஆப்பிரிக்க வழியினர். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத கூட்டம். அறிமுகமில்லாத இருவர் அணைத்து ஆட வேண்டுமென்றால் இருவருக்கும் பாதுகாப்பு வேண்டும். பின்னாளில் மிலோங்காவில் நிலைத்த வழக்கங்கள் எல்லாமே கூச்சப்படுகிறவருக்குத்தான் அதிகம் உதவுகின்றன.

1. நடக்கப் பழகுங்கள். டாங்கோவின் அடிப்படை நடைதான். ஒரு நேரத்தில் ஒரு காலில்தான் உடல் எடை இருக்க வேண்டும். பாதி இதிலும் பாதி அதிலும் நின்றால் அடுத்த அடி எந்தக் காலில் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தொடக்கத்தில் வரும் தடுமாற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான். வீட்டுக் கூடத்தில் ஒரு பாட்டு முழுக்க முன்னோக்கி நடங்கள், அடுத்த பாட்டு முழுக்கப் பின்னோக்கி. மார்பு நகர்வதும் கால் நகர்வதும் ஒன்றாக இருக்கட்டும். நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி வருகிறவர் மேலுடல் குலுங்காமல் வருவதுபோல நிதானம் வர வேண்டும். அது வரும்வரை வேறு எதையும் தேட வேண்டாம்.

பல வகுப்புகளில் எட்டு அடிகள் கொண்ட ஒரு பாடத்தை 'அடிப்படை' என்று சொல்லித் தருவார்கள். அதன் முதல் அடியை, ஜோடியை நடத்துபவர் பின்னோக்கி வைப்பார். நெரிசலான தளத்தில் அப்படி வைத்தால் பின்னால் வரும் ஜோடி மேல் மோதுவீர்கள். அந்த அடியை விட்டுவிட்டுப் பக்கவாட்டு அடியில் தொடங்குங்கள்.

2. பாட்டை வீட்டிலேயே கேட்டுப் பழகுங்கள். மிலோங்காக்களில் ஒலிப்பதில் பெரும்பகுதி சுமார் 1935 முதல் 1955 வரையிலான இசைக்குழுக்களின் பதிவுகள். ஹுவான் டி அரியென்சோ குழுவில் பியானோ வாசிக்க ரொடோல்ஃபோ பியாஜி 1935 இறுதியில் சேர்ந்தார். அதன் பிறகு வந்த பதிவுகளில் தாளம் அவ்வளவு துல்லியமாக இருக்கும். அடி தேடுகிறவர் அங்கே தொடங்கலாம். கார்லோஸ் டி சார்லியின் பிற்காலப் பதிவுகள் நீளமாக, அமைதியாக நடப்பதற்கு. ஓஸ்வால்தோ புல்யேசே தாளத்தை இழுத்தும் நிறுத்தியும் விளையாடுவார். அவர் பாட்டு வந்தால் இப்போதைக்கு உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடி வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் நிற்கலாம்.

3. கண்ணால் அழையுங்கள். மிலோங்காவின் வழக்கங்களிலேயே நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆட விரும்புகிறவர் எழுந்து போய்க் கையை நீட்டுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்க்கிறார். எதிரில் இருப்பவரும் பார்வையை விலக்காமல் இருந்தால் தலையை லேசாக அசைக்கிறார். அவரும் அசைத்தால் சம்மதம். இதற்குக் கபெசெயோ என்று பெயர். விருப்பமில்லாதவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். யாரும் எதையும் கேட்கவில்லை, ஆகவே யாரும் மறுக்கவும் இல்லை. அறையைக் கடந்து போய்க் கேட்டு, மறுக்கப்பட்டு, அத்தனை பேர் முன்னிலையில் திரும்பி வருகிற அந்தப் பயம் இங்கே தேவையே இல்லை.

மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்காருங்கள். கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தலையசைத்தவர் உங்கள் முன்னால் வந்து நிற்கும்வரை எழ வேண்டாம். பக்கத்தில் இருப்பவரையும் அவர் அழைத்திருக்கலாம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பார்வைதான் அழைப்பின் முதல் பாதி. பெரியவர் கேட்டால் மறுப்பது மரியாதைக் குறைவு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே மறுக்கலாம், காரணமும் சொல்ல வேண்டாம்.

4. ஒரு தாந்தா எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாட்டுகளைத் தொகுதி தொகுதியாகத்தான் போடுவார்கள். பெரும்பாலும் ஒரே இசைக்குழுவின் நான்கு டாங்கோக்கள் சேர்ந்தது ஒரு தாந்தா. வால்ஸ் என்றாலோ, மிலோங்கா என்றே பெயர்கொண்ட துள்ளல் இசை என்றாலோ மூன்று. ஒரு பாட்டு மூன்று நிமிடத்தை ஒட்டி வரும். முடிந்ததும் டாங்கோ அல்லாத ஓர் இசைத்துண்டு சிறிது நேரம் ஒலிக்கும். எல்லோரும் இடத்துக்குத் திரும்புவார்கள். ஆகவே எப்போது, எப்படி விடைபெறுவது என்ற தவிப்பு உங்களுக்கு வேண்டாம். முதல் பாட்டில் நடுக்கம் இருக்கும். அதில் வெறுமனே நடங்கள், எதிரில் இருப்பவரின் அடி நீளத்தையும் மூச்சையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பாட்டு தொடங்கியதும் சற்று நேரம் நின்று பேசுவது வழக்கம்தான். ஒரு எச்சரிக்கை: பாட்டுகளுக்கு நடுவில் மரியாதைக்காக 'கிராசியாஸ்' (நன்றி) சொல்லிவிடாதீர்கள். ஆட்டம் போதும் என்று பொருள் கொள்வார்கள்.

5. ஓட்டத்தோடு போங்கள். தளத்தில் எல்லா ஜோடிகளும் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகரும். நீங்கள் வெளி வட்டத்திலேயே இருங்கள். வலப்பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள், கவனிக்க வேண்டிய திசை ஒன்று குறையும். உள்ளே நுழையும்முன் வந்துகொண்டிருக்கும் நடத்துபவரின் கண்ணைப் பாருங்கள், அவர் இடம் விடுவார். முந்தாதீர்கள். காலை உயர வீசும் அலங்காரங்கள் மேடைக்கானவை, இங்கே அடுத்தவர் முழங்காலில்தான் படும்.

6. அணைப்பைப் பற்றி. நம்மவர்களுக்கு இதுதான் பெரிய தடை. தோளைத் தளர விடுங்கள், கையால் இழுக்கவோ தள்ளவோ வேண்டாம், உங்கள் எடையை அடுத்தவர் மேல் சாய்க்க வேண்டாம். நெருங்கி ஆடலாம், இடைவெளி விட்டும் ஆடலாம். எவ்வளவு நெருக்கம் என்பதை இருவரில் அதிகம் தயங்குகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டு முடியும்போது அணைப்பும் முடிந்துவிடும், அதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை. யாராவது எல்லை மீறினால் தாந்தா முடியக் காத்திருக்காதீர்கள். நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடுங்கள். அமைப்பாளரிடமும் சொல்லுங்கள்.

7. நடத்துபவரைத் தொடர்ந்து ஆடவும் கற்றுக்கொள்ளுங்கள். புவெனஸ் ஐரிஸின் பயிற்சிக் கூடங்களில் ஒரு தலைமுறை ஆண்கள் ஆண்களோடுதான் பழகினார்கள். இளையவன் முதலில் தொடர்ந்து ஆட வேண்டும். நடத்துவது அதற்குப் பிறகுதான். முரட்டுத்தனமான கை உங்களை இழுக்கும்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை அனுபவித்துவிட்டால் நீங்கள் யாரையும் அப்படி இழுக்க மாட்டீர்கள்.

8. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி வேண்டாம். தளத்தைப் பற்றிக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் வலிக்கும். தோல் அடிப்பாகம் நல்லது. மாற்றுச் சட்டை ஒன்று, கைக்குட்டை ஒன்று.

9. தளத்தில் யாருக்கும் பாடம் நடத்தாதீர்கள். உங்களுக்கு யாரேனும் நடத்தினால் அந்தத் தாந்தாவோடு போதும்.

10. கடைசிப் பாட்டுக்கு இருங்கள். பெரும்பாலான மிலோங்காக்கள் 'லா கும்பர்சீத்தா'வோடுதான் முடியும். மான்டிவிடியோவில் ஹெரார்தோ மாதோஸ் ரொத்ரிகெஸ் என்ற இளம் மாணவர் எழுதிய இசை அது. அந்தப் பாட்டை யாரோடு ஆடலாம் என்று எல்லோரும் முன்பே நினைத்து வைத்திருப்பார்கள். பாட்டு தொடங்கிய பிறகு தேடினால் ஆள் கிடைப்பது கடினம். இறுதித் தாந்தாவை அறிவித்ததுமே, அன்று உங்களோடு பொறுமையாக நடந்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள்.