எட்டு ஆண்டுகள் உறங்கிய மோட்டார் சைக்கிள்

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய 350 சி.சி. புல்லட் ஒன்று எட்டு ஆண்டுகளாக நின்றிருந்தது. அதை ஓட்டிய பெரியவர் காலமானபின் யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்குப் போட வீட்டார் முடிவு செய்தபோது, என் மாணவனான பேரன் ஓடிவந்தான். "சார், ஓங்கி நாலு உதை உதைத்தால் கிளம்பிவிடாதா?"

"உதைக்காதே தம்பி! முதலில் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்" என்றேன்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள் கலவை, அழுத்தம், தீப்பொறி. நெடுநாள் நின்ற வண்டியில் இம்மூன்றும் கெடுகின்றன.

முதலில் எரிபொருள். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடும். எஞ்சியவை ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். டேங்கைத் திறந்தபோது அடியில் பழுப்பு நீரும் இருந்தது. தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? பகல் வெயிலில் டேங்கினுள் உள்ள காற்று விரிந்து மூடியின் துளை வழியே வெளியேறுகிறது. இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. குளிர்ந்த தகட்டில் அந்த ஈரம் துளிர்த்து, துருவை உண்டாக்குகிறது. டேங்க் மூச்சு விடுகிறது எனலாம் அல்லவா? இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் நீரை ஈர்க்கவல்லது.

அடுத்து அழுத்தம். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். அந்நிலையில் ஓங்கி உதைத்தால் வளையம் முறியும். சுவரில் கீறல் விழும். எனவே பிளக்கைக் கழற்றி, துளை வழியே இரண்டு கரண்டி ஆயில் விட்டு, ஓர் இரவு காத்திருந்தோம். மறுநாள் வண்டியைக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல உருட்டினோம். பிஸ்டன் அசைந்தது! பழைய எஞ்சின் ஆயிலையும் மாற்றினோம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. காற்றை ஆறில் ஒரு பங்காக மெதுவாகச் சுருக்கினால், பாயில் விதிப்படி அழுத்தம் 6 மடங்காகும். வேகமாகச் சுருக்கினால் வெப்பம் வெளியேற நேரமில்லை. கசிவு இல்லையெனில் அழுத்தம் ஏறக்குறைய 12 மடங்காகும். கலவையும் சூடேறும். கிக்கரை விரைந்து மிதிப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது தீப்பொறி. மின்னிறக்கம் அடைந்து கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு மின்னேற்றம் ஏறாது. புதிய பேட்டரி வாங்கினோம். பாயின்ட் முனைகளில் படிந்திருந்த ஆக்சைடு மின்சாரத்தைத் தடுத்தது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தோம்.

ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தேங்கும். ஆகையால் இவ்வேலையைத் திறந்த வெளியில், தீயோ தீப்பொறியோ அருகில் இல்லாமல், அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையோடு மட்டுமே செய்யவேண்டும்.

புதிய பெட்ரோல் ஊற்றி மிதித்தோம். ஏழாவது மிதியில் எஞ்சின் பேசியது. சத்தம் கேட்டுப் பாட்டி வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். பழைய இரும்புப் பேச்சு அதோடு முடிந்தது.

பேரனுக்கு உடனே மலைக்கோயில் சாலையில் ஏறிவர ஆசை. "பிரேக்கைப் பார்த்தாயா?" என்றேன். ஆளோடு 250 கிலோ எடையுள்ள வண்டி 50 மீட்டர் இறங்கினால் சுமார் 1,25,000 ஜூல் ஆற்றலைப் பிரேக்கும் எஞ்சினும் தாங்கவேண்டும். பிரேக், டயர் இரண்டையும் புதுப்பித்த பிறகே, உரிமம் பெற்ற அவன் மாமா வண்டியை ஓட்டினார்.

சிந்தியுங்கள்: ஓராண்டு நிறுத்திவைக்கும் வண்டியின் இரும்பு டேங்கை அரைகுறையாக விடுவது ஏன் தவறு?