ஒத்தமரத்து ஊர்

ஒரு மரம் ஊருக்கே பெயர் கொடுக்குமா? கிரேக்க நாட்டின் வடமேற்கில், பிண்டஸ் மலையில் மோனோடென்ட்ரி என்ற சின்னக் கிராமம் இருக்கிறது. கிரேக்க மொழியில் ‘மோனோ’ என்றால் ஒற்றை, ‘டென்ட்ரோ’ என்றால் மரம். நம்ம பேச்சில் ஒத்தமரம்! ஊர் ஓரத்திலேயே விக்கோஸ் என்ற மிக ஆழமான பள்ளத்தாக்கு.

இன்னும் கேளுங்க. அந்த வட்டாரத்தின் பெயர் ஸகோரி. இது கிரேக்கச் சொல்லே இல்லை, ஸ்லாவியச் சொல். ‘ஸா’ என்றால் பின்னால், ‘கோரா’ என்றால் மலை. ஸ்லாவியர்கள் ஒரு காலத்தில் அங்கே குடியேறியதற்கு இந்தப் பெயரே சாட்சி.

1920களில் கிரேக்க அரசு இப்படிப்பட்ட பல ஊர்ப் பெயர்களை மாற்றியது. ஸகோரி தப்பியது, 2023இல் அதே பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பெயரை அழித்தால் சாட்சியும் போயிடும் என்பதே என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?